1005 கிராம் ஒன்றரைக் கிலோ ஆனது எப்படி? சி நிரலில் எண்ணை எழுத்தாக்குவது

கழனிவாசல் | அக்டோபர் 3, இரவு 9.20

பலகாரக் கடைக்கு ஒரு சோதனைத் தராசு செய்யுறேன். பொட்டலத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி எடை சரியான்னு பார்த்துக்க மட்டும்தான். ஆர்டுயினோ ஊனோ போர்டு, எடையை உணர 5 கிலோ லோட்செல், அதோட மின்னளவை எண்ணாக்குற எச்எக்ஸ்711 சில்லு, 16க்கு 2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்து, 2 வரி). எடை கிராமில் முழு எண்ணா வருது, கம்ப்யூட்டருக்கு அனுப்புற சீரியல்ல பார்த்தா 1005. அதை 1000ஆல் வகுத்து ஈவு, நடுவுல புள்ளி, அப்புறம் மீதின்னு, எண்ணை எழுத்தாக்குற ஸ்பிரிண்ட்எஃப்ல போட்டேன். எல்சிடில 1.5 கிலோன்னு நிக்குது. ஒரு கிலோ சீப்புச் சீடை ஒன்றரைக் கிலோவா!

சரி, ஃப்ளோட்டா (புள்ளி வச்ச எண்) மாத்தி அதுக்கான %எஃப் குறியைப் போடுவோம்னு பார்த்தா எண்ணே வரலை, வெறும் கேள்விக்குறி. அதே ஃப்ளோட்டை மூணு இடம்னு சீரியல் பிரிண்ட்ல கொடுத்தா 1.005ன்னு ஒழுங்கா வருது. தீபாவளி ஆர்டர் ஆரம்பிச்சாச்சு. எங்க தப்பு?

செக்காலை | அக்டோபர் 3, இரவு 9.48

இரண்டு தனித்தனிப் பிழைகள்.

முதலாவது: 1005ஐ 1000ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 5. மீதி வெறும் 5தான், 005 இல்லை. முழு எண்ணுக்கான %டி என்று எழுதினால் 5 என்று ஓர் எழுத்துதான் வரும். %03டி என்று எழுதுங்கள்: மூன்று இடம், முன்னால் சுழியம் நிரப்பு. 1050க்கும் இப்போது 1.50 என்று காட்டியிருக்குமே, அதைச் சரியென்று நினைத்திருப்பீர்கள். 1005, 1050, 1500 மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மூன்றும் 1.5 என்ற சாயலிலேயே வந்து நிற்கும்.

இரண்டாவது: ஊனோவின் சில்லு ஏவிஆர் வகை; அதற்கான சி நூலகத்தில் வழக்கமாக இணையும் ஸ்பிரிண்ட்எஃப்புக்கு ஃப்ளோட் தெரியாது. இடம் மிச்சம் பிடிக்க அந்தப் பகுதியை வெட்டி வைத்திருக்கிறார்கள். %எஃப் பார்த்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலரில் பிழைச் செய்தி எதுவும் வராது. சீரியல் பிரிண்ட் ஸ்பிரிண்ட்எஃப்பைக் கூப்பிடுவதே இல்லை. ஆர்டுயினோவின் பிரிண்ட் வகுப்பு ஃப்ளோட்டைத் தானே இலக்கம் இலக்கமாகப் பிரித்து எழுதுகிறது. அதனால்தான் ஒன்றில் வந்தது மற்றதில் வரவில்லை.

செக்காலை | அக்டோபர் 3, இரவு 10.15

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. தட்டை வைத்துச் சுழியம் செய்துவிட்டுத் தட்டை எடுத்தால் எடை மறை எண்ணாகும். −5ஐ 1000ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி −5. சி மொழியில் மீதிக்கு வகுபடும் எண்ணின் குறிதான். %03டி போட்டால் 0.-05 என்று வரும். மீதியை மட்டும் நேர் எண்ணாக்கினால் 0.005 என்று வரும், குறியே தொலைந்துவிடும். ஏனென்றால் ஈவாகிய 0க்கு மறைக்குறி கிடையாது. −1005 சரியாகக் காட்டும், −5 தவறாகக் காட்டும். சோதிக்கிறவர்கள் பெரிய மறை எண்ணைத்தான் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால் இது நெடுநாள் ஒளிந்திருக்கும்.

வழி ஒன்றுதான். குறியை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அளவை நேர் எண்ணாக்கிப் பிரியுங்கள். கடைசியில் முன்னால் குறியை ஒட்டுங்கள்.

கண்டனூர் | அக்டோபர் 4, காலை 7.05

இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு அண்ணே? நிரல் துண்டுகளைச் சேர்க்குற லிங்கர்ல ஃப்ளோட் தெரிஞ்ச பிரிண்ட்எஃப்பை இணைச்சா முடிஞ்சுது. இல்லைன்னா எல்சிடி பிரிண்ட்லயே ஃப்ளோட்டும் 3ம் கொடுத்தா 1.005 வந்துடும். ரெண்டுமே ஒரு வரி.

செக்காலை | அக்டோபர் 4, காலை 8.30

தம்பி சொல்கிற இரண்டும் வேலை செய்யும். ஆனாலும் தராசுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காரணங்கள் இவை.

ஊனோவின் சில்லில் நிரல் இருக்கும் ஃபிளாஷ் 32 கிலோபைட், ஓடும்போது மாறிகள் இருக்கும் ரேம் 2 கிலோபைட். ஸ்பிரிண்ட்எஃப் நுழைந்தாலே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோபைட் ஃபிளாஷ் போகும். ஃப்ளோட் பகுதி சேர்ந்தால் மேலும் ஏறத்தாழ அவ்வளவு. இந்த நிரலுக்கு அது தாங்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய காரணம் துல்லியம். ஏவிஆரில் கூடுதல் துல்லியத்துக்கான டபுள் என்று எழுதினாலும் வழக்கமாக 4 பைட் ஃப்ளோட்தான். அதில் 24 பிட்டுக்குத்தான் எண் நிற்கும். 16777216 வரை எல்லா முழு எண்ணும் சரியாக அடங்கும், 16777217 அடங்காது. எச்எக்ஸ்711 தருவது 24 பிட் எண். ஓர் அளவீடு ஃப்ளோட்டில் அடங்கும். ஆட்டம் குறையப் பத்து அளவீட்டைக் கூட்டிச் சராசரி எடுக்கிறீர்கள் அல்லவா, கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டியதும் கடைசி பிட்டுகள் உதிரத் தொடங்கும். 32 பிட் முழு எண்ணில் கூட்டினால் ஒரு பிட்டும் உதிராது.

ஃப்ளோட்டில் 1.005 என்ற எண்ணே கிடையாது. அங்கே இருப்பது 1.00499999... மூன்று இடம் காட்டினால் 1.005. இரண்டு இடம் காட்டினால் 1.00. சரியாக அரை இருக்கிறதே, 1.01 வரவேண்டுமே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சின்ன அலகிலேயே கணக்கை வைத்துக்கொண்டு, எழுதும்போது மட்டும் புள்ளி வைப்பதுதான் என் பரிந்துரை. கிராம் என்றால் கடைசிவரை கிராம். புள்ளி என்பது கண்ணுக்காக.

செக்காலை | அக்டோபர் 4, காலை 8.41

எல்சிடி பிரிண்ட் பற்றிச் சொல்ல விட்டுப்போனது: அதில் அகலம் நிலையாக இருக்காது. 10.005க்கு ஆறு எழுத்து, 9.995க்கு ஐந்து. அதனால் வரும் தொல்லையைத் தனியாக எழுதுகிறேன்.

புதுவயல் | அக்டோபர் 4, மதியம் 1.10

நடுவில் நுழைகிறேன். அரிசி ஆலையில் மூட்டை எண்ணும் பலகை. 32767 வரை ஒழுங்காக எண்ணியது. அதற்கு மேல் போனதும் மறை எண். 40000 வரவேண்டிய இடத்தில் −25536 காட்டுகிறது. மாறியை 32 பிட் முழு எண்ணான லாங் என்றுதான் அறிவித்திருக்கிறேன். பிறகும் ஏன்?

செக்காலை | அக்டோபர் 4, மதியம் 1.32

மாறி லாங். ஆனால் ஸ்பிரிண்ட்எஃப்புக்குக் கொடுக்கும் வடிவச் சரத்தில் %டி இருக்கும், பாருங்கள். ஏவிஆரில் இன்ட் என்ற வழக்கமான முழு எண் 16 பிட். %டி இரண்டு பைட்டை மட்டும் எடுத்துக் குறியுள்ள எண்ணாகப் படிக்கிறது. 40000 கழித்தல் 65536, அதுதான் உங்கள் −25536. %எல்டி என்று மாற்றுங்கள். மூட்டை எண்ணிக்கை மறை ஆகப்போவதில்லை, குறியில்லாத அன்சைன்ட் லாங் வைத்து %எல்யு போடுவது இன்னும் நல்லது.

இதே வரியில் %டிக்குப் பின்னால் இன்னொரு எண் இருந்தால் அதுவும் கெடும். முதல் எண்ணின் மேல் பாதி இரண்டு பைட் எடுக்கப்படாமல் நின்று, அடுத்த எண்ணின் இடத்தில் போய் உட்காரும். வரியில் இரண்டாவது எண் கெட்டிருந்தால் அதைத் தேடாதீர்கள், அதற்கு முந்தைய எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். கம்பைலரில் எல்லா எச்சரிக்கையையும் திறந்து வைத்தால் இதைச் சுட்டிக்காட்டிவிடும்.

கணினியில் சோதித்துவிட்டுப் போர்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். அங்கே இன்ட் 32 பிட், எல்லாம் சரியாகத் தெரியும்.

புதுவயல் | அக்டோபர் 4, மதியம் 1.50

%டிதான். மாற்றினேன், 40000 வந்துவிட்டது. நன்றி.

செக்காலை | அக்டோபர் 4, இரவு 9.05

பஃபர், அதாவது எழுத்துகளை வைக்கும் நினைவிடம், அதன் அளவு. ‘20 போட்டேன், போதும்’ என்று எழுதுகிறார்கள். எண்ணிப் பார்த்துப் போடுங்கள்.

குறியுள்ள 16 பிட்: −32768, ஆறு எழுத்து, சரம் முடிந்ததைக் காட்டும் முடிவுச் சுழியம் ஒன்று, ஆக 7. குறியுள்ள 32 பிட்: −2147483648, பதினொன்றும் ஒன்றும் 12. குறியில்லாத 32 பிட்: 4294967295, ஆக 11. 64 பிட்டுக்கு இரண்டு வகைக்கும் 21. இரும எண்ணாக எழுதினால் 32 பிட்டுக்கு 33. புள்ளி வைத்தால் ஒன்று கூட்டுங்கள்.

முடிவுச் சுழியத்தை மறந்து ஒரு பைட் குறைத்து வைத்தால் உடனே எதுவும் ஆகாது. பக்கத்தில் குடியிருக்கும் மாறியின் முதல் பைட் சுழியமாகும். அந்த மாறி என்ன என்பதைப் பொறுத்து நோய் மாறும். பெரும்பாலும் எண் பெரிதாகும்போது மட்டும் வரும். பஃபரின் அளவையும் கேட்டுக்கொள்ளும் எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்தினால் எல்லை தாண்டாது, ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. அது திருப்பித் தருவது எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, இடம் போதுமானதாக இருந்தால் எத்தனை எழுதியிருக்கும் என்ற எண்ணிக்கை. 8 பைட் பஃபரில் 11 எழுத்து எழுதப் பார்த்தால் 7 எழுதிவிட்டு 11 என்று சொல்லும். அந்த 11ஐ அப்படியே சீரியலில் அனுப்பும் நீளமாகக் கொடுத்தால் பஃபருக்கு வெளியே இருப்பதும் சேர்ந்து போகும்.

செக்காலை | அக்டோபர் 5, காலை 6.40

சொந்தமாக எழுதிக்கொள்ளும் செயல்கூறு இதோ. பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன், உங்கள் மாறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணைப் பத்தால் வகுக்க வகுக்கக் கடைசி இலக்கம்தான் முதலில் கிடைக்கும். அதனால் பஃபரின் வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாக எழுதுகிறோம். பிறகு திருப்பிப்போடும் வேலை இல்லை.

முனை = பஃபர் + 15;
*முனை = 0;
எண்ணிக்கை = 0;
செய் {
  எண்ணிக்கை == இடம் எனில் *--முனை = '.';
  *--முனை = '0' + அளவு % 10;
  அளவு = அளவு / 10;
  எண்ணிக்கை++;
} (அளவு != 0 || எண்ணிக்கை <= இடம்) உண்மையாக உள்ளவரை தொடர்;
மறை எனில் *--முனை = '-';

பஃபர் 16 பைட். முனை என்பது இப்போது எழுதும் இடம், அளவு என்பது குறி நீக்கிய எண், மறை என்பது தனியே எடுத்து வைத்த குறி. இடம் என்பது புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம், நமக்கு 3.

அளவு 5 என்றால் கையால் ஓட்டிப் பாருங்கள். 5 எழுதும், அளவு 0 ஆகிவிடும், ஆனால் எண்ணிக்கை இன்னும் 3ஐத் தாண்டவில்லை. 0, 0 எழுதும். எண்ணிக்கை 3 ஆனதும் புள்ளி, அதற்கு முன் இன்னொரு 0. கிடைப்பது 0.005. வடிவச் சரமும் தேவையில்லை, சுழிய நிரப்பலை நினைவில் வைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

செய் என்று முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்கும் சுற்றாக இருப்பது வேண்டுமென்றேதான். அளவு சுழியமில்லாதவரை என்று முதலிலேயே கேட்டால், இடம் 0 ஆக இருக்கும்போது 0 என்ற எண்ணுக்கு வெற்றுச் சரம் வரும். ஒன்றுமில்லாத தராசு 0 காட்டவேண்டும், காலியாக நிற்கக்கூடாது.

மறை எண்ணை நேராக்கும் இடத்திலும் கவனம். குறியுள்ள மாறியிலேயே கழித்தல் போட்டால் −2147483648க்கு நேர் இணை அந்த வகையில் கிடையாது, மொழி விதிப்படி என்ன நடக்கும் என்று உத்தரவாதமில்லை. முதலில் குறியில்லாத வகைக்கு மாற்றி, 0லிருந்து கழியுங்கள். சரியாக 2147483648 வரும்.

கண்டனூர் | அக்டோபர் 5, காலை 9.15

இடம் 0 கொடுத்தா முதல் சுத்துலயே எண்ணிக்கை 0, இடம் 0, ரெண்டும் சமம். வாலில் புள்ளி விழுந்து ‘42.’ன்னு வருது அண்ணே.

செக்காலை | அக்டோபர் 5, காலை 9.22

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. புள்ளி வைக்கும் வரி இப்படி இருக்கவேண்டும்: இடம் > 0 என்பதும் எண்ணிக்கை == இடம் என்பதும் சேர்ந்தால் மட்டும். மேலே இருப்பதை எடுத்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

கழனிவாசல் | அக்டோபர் 5, இரவு 10.30

போட்டேன். 1.005 வருது, −0.005 வருது. ஆனா இப்ப வேற ஒண்ணு. கிராம் மட்டும் காட்டுற ரெண்டாவது வரியில 1000 இருக்கும்போது ஒரு சீடையை எடுத்தா 9980ன்னு காட்டுது. திரும்ப வச்சா 1000.

செக்காலை | அக்டோபர் 5, இரவு 10.44

998 என்று எழுதியிருக்கிறது. நான்காவது கட்டத்தில் பழைய 1000இன் கடைசி 0 அழியாமல் நிற்கிறது. எல்சிடி தானாக எதையும் அழிக்காது, எழுதிய கட்டம் எழுதியபடி இருக்கும். நேற்றுக் காலையில் அகலம் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றது இதைத்தான்.

ஒவ்வொரு முறையும் திரையை முழுதாக அழித்து எழுதலாமே என்பார்கள். உங்களுடையது போன்ற எச்டி44780 வகைத் திரையில் அழிக்கும் கட்டளைக்கு 1.52 மில்லி விநாடி, ஓர் எழுத்து எழுத 37 மைக்ரோ விநாடி. நேரம்கூடப் பரவாயில்லை. அழித்து எழுத அழித்து எழுத எண் மினுங்கும், தராசு மினுங்கினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அகலத்தை நிலையாக்குங்கள். குறியும் ஒட்டிய பிறகு, முனை பஃபர் + 15 − 8ஐ அடையும்வரை இடைவெளி எழுத்தை நிரப்புங்கள். எப்போதும் எட்டு எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நிற்கும். பழையது தானாக மறையும். புள்ளியும் ஒரே கட்டத்தில் நிற்கும், கண் தேடவேண்டியதில்லை.

ஆத்தங்குடி | அக்டோபர் 6, மாலை 5.20

வேகம் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தச் சில்லுகளில் வகுத்தல் கட்டளையே இல்லை. பத்தால் வகுப்பதைத் தவிர்க்கவேண்டும் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள்.

செக்காலை | அக்டோபர் 6, இரவு 8.50

ஏவிஆரில் இல்லை, உண்மை. ஆர்ம் கார்டெக்ஸ் எம்0விலும் இல்லை. எம்3இல் உண்டு, 2 முதல் 12 கடிகாரச் சுழற்சிக்குள் முடியும். 8051இல் 8 பிட் வகுத்தல் உண்டு, 4 இயந்திரச் சுழற்சி, 12 மெகாஹெர்ட்ஸில் 4 மைக்ரோ விநாடி.

தவிர்க்க மூன்று வழிகள் தெரியும். 10000, 1000, 100, 10 என்று பெரிய எண்ணிலிருந்து கழித்துக் கழித்து எத்தனை முறை போனது என்று எண்ணுவது ஒன்று. இலக்கம் தலைப்பக்கத்திலிருந்தே கிடைக்கும். இடப்பக்கம் ஒவ்வொரு பிட்டாக நகர்த்தி, நகர்த்துமுன் 5 அல்லது அதற்கு மேல் உள்ள இலக்கத்துக்கெல்லாம் 3 கூட்டுவது இன்னொன்று. பெருக்கலும் இல்லாத சில்லுக்கு அது நல்லது. மூன்றாவது, வகுப்பதற்குப் பதில் பெருக்கி நகர்த்துவது. 8 பிட் எண்ணை 205ஆல் பெருக்கி 11 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் பத்தில் ஒரு பங்கு, 0 முதல் 255 வரை ஒன்றுகூடப் பிசகாது. 16 பிட்டுக்கு 52429, நகர்த்தல் 19. ஆனால் பெருக்கலைக் குறியில்லாத 32 பிட்டில் செய்யவேண்டும். 65535ஐ 52429ஆல் பெருக்கினால் 3435934515. குறியுள்ள 32 பிட்டில் இது மறை எண்ணாகிவிடும்.

செக்காலை | அக்டோபர் 6, இரவு 9.30

மேலே உள்ளதை எழுதிவிட்டு யோசித்தேன். இந்தத் தராசுக்கு அதில் எதுவும் வேண்டாம். ஏவிஆரில் 32 பிட் வகுத்தல் ஏறக்குறைய அறுநூறு சுழற்சி, 16 மெகாஹெர்ட்ஸில் 37 மைக்ரோ விநாடிக்குப் பக்கம். எல்சிடி ஓர் எழுத்தை ஏற்றுக்கொள்ளவும் அதே 37. எச்எக்ஸ்711 ஒரு விநாடிக்கு 10 அளவீடுதான் தருகிறது, வேகமாக வைத்தாலும் 80. ஒரு முறை ஐந்து இலக்கம் எழுத கால் மில்லி விநாடிகூட ஆகாது. அடுத்த அளவீட்டுக்கு 100 மில்லி விநாடி காத்துக்கிடக்கிறோம்.

முதன்மை நிரலை இடைமறித்து ஓடும் இன்டரப்டுக்குள் எண்ணை எழுத்தாக்குகிறீர்கள் என்றால் வேகம் பார்க்கலாம். அப்போதும் என் பதில், அங்கே எழுத்தாக்காதீர்கள். எண்ணை மட்டும் வைத்துவிட்டு வெளியே வாருங்கள், எழுதுவதை முதன்மைச் சுற்றில் வைத்துக்கொள்ளலாம்.

செக்காலை | அக்டோபர் 6, இரவு 9.41

அப்படி எண்ணை வைத்துவிட்டு வரும்போது: 8 பிட் சில்லில் 16 பிட் எண்ணைப் படிக்க இரண்டு தனிப் படிப்பு ஆகும். எண் 255, கீழ் பைட் 255, மேல் பைட் 0. கீழ் பைட்டைப் படித்ததும் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டால், மேல் பைட் இப்போது 1. நீங்கள் படித்தது 511. எழுத்தாக்கும் செயல்கூறில் பிழை தேடி நாள் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. இன்டரப்டை ஒரு கணம் நிறுத்தி, உள்மாறிக்கு நகலெடுத்து, திறந்துவிட்டு, நகலை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்தே படிக்கச் சொல்லும் வாலடைல் என்று மாறியை அறிவிப்பது இதைத் தடுக்காது. புதுவயல்காரர் மூட்டை எண்ணியிலும் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆத்தங்குடி | அக்டோபர் 7, காலை 10.00

பூக்கல் (தரையில் பதிக்கும் கல்) எண்ணிக்கைப் பலகைக்கு எனக்கு லட்சம், கோடி கணக்கில் காற்புள்ளி வேண்டும். 1,25,000 என்று. கிடைப்பதெல்லாம் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கிறது.

செக்காலை | அக்டோபர் 7, காலை 11.35

வால் பக்கத்திலிருந்து எழுதுவதால் இது மிகச் சுலபம். எண்ணிக்கை 3 ஆனதும் ஒரு காற்புள்ளி. அதன் பிறகு 5, 7, 9 என்று ஒவ்வோர் ஒற்றைப்படையிலும் ஒன்று. அதாவது எண்ணிக்கை 3க்குக் குறையாமலும் ஒற்றைப்படையாகவும் இருந்தால், அடுத்த இலக்கத்தை எழுதுவதற்கு முன் காற்புள்ளி எழுதவும். இலக்கத்தை எழுதிய பின் என்று வைத்துவிடாதீர்கள், 125க்கு ‘,125’ என்று வரும். சுற்றுக்குள் நுழைந்தால்தான் இன்னோர் இலக்கம் இருக்கிறது என்று பொருள், அதனால் முன்னால் வைப்பதே சரி.

பெரிய எண் 4,29,49,67,295. பத்து இலக்கம், நான்கு காற்புள்ளி, முடிவுச் சுழியம், ஆக 15 பைட். மறைக்குறியும் வரலாம் என்றால் 16. இடப்பக்கம் நிரப்புவது, புள்ளி வைப்பது எல்லாவற்றையும் இதோடு சேர்த்தால் பஃபரை 20 ஆக்கி, முனையை பஃபர் + 19இல் தொடங்குங்கள்.

கண்டனூர் | அக்டோபர் 7, இரவு 7.45

தமிழ் எண்ணிலேயே காட்ட முடியுமா? ௧௨௩ன்னு. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சில்லுல இருந்து போனுக்குப் போற பக்கத்துல.

செக்காலை | அக்டோபர் 7, இரவு 10.10

போனுக்கு என்றால் முடியும். 16க்கு 2 எல்சிடியில் தமிழ் எழுத்துரு கிடையாது. சொந்தமாக எட்டு வடிவம்தான் வரைந்து ஏற்றலாம், பத்து இலக்கத்துக்கு அதுவே போதாது. 5க்கு 8 புள்ளியில் ௬ம் ௭ம் பிரித்துத் தெரியவும் தெரியாது.

எழுத்தை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் இலக்கமும் 3 பைட்: 224, 175, அடுத்தது 166 கூட்டல் இலக்கம். ௦ என்றால் 166, ௯ என்றால் 175. '0' கூட்டும் ஒரு வரிக்குப் பதில், வாலிலிருந்து எழுதுவதால் மூன்று பைட்டையும் தலைகீழ் வரிசையில் வையுங்கள்: முதலில் 166 + இலக்கம், பிறகு 175, பிறகு 224. இந்த வரிசை மாறினால் பெட்டி பெட்டியாகத் தெரியும். பத்து இலக்கத்துக்கு 30 பைட், முடிவுச் சுழியத்தோடு 31. அகலத்தை பைட் கணக்கில் நிரப்பாதீர்கள், சரத்தின் நீளம் மூன்று மடங்காக வரும், இலக்கத்தைத் தனியே எண்ணிக்கொள்ளுங்கள். இதையே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160க்குப் பதில் 70 எழுத்துதான், தமிழ் எழுத்து ஒன்று வந்தாலே மொத்தச் செய்தியும் அந்த முறைக்கு மாறிவிடும்.

இடமதிப்பு இல்லாத பழைய முறை இன்னும் அழகு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 2345ஐ ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவார்கள். சுழியம் வரும் இடத்தை அப்படியே விட்டுவிடலாம், 2005 என்றால் ௨௲௫. முன்னால் வருவது ஒன்றென்றால் அதையும் எழுதுவதில்லை, 1955 என்பது ௲௯௱௫௰௫. கழித்து எண்ணும் முறை நேற்று வேண்டாம் என்றேன், இதற்கு அதுதான் பொருத்தம். ஆயிரத்தை எத்தனை முறை கழித்தோமோ அந்த இலக்கம், அடுத்து ௲.

செக்காலை | அக்டோபர் 7, இரவு 10.38

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். சின்ன அலகில் கணக்கை வைப்பது நம் பழைய கணக்கில் இருந்ததுதான். ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. முக்கால் 240 முந்திரி, அரை 160, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4. எல்லாவற்றையும் முந்திரியாக்கினால் வெறும் முழு எண் கூட்டல், எழுதும்போது மட்டும் முக்காலே வீசம் என்று பிரிப்பது. 1/16ம் 1/20ம் ஒரே கணக்கில் மிச்சமில்லாமல் சேர்கின்றன. இரும ஃப்ளோட்டில் 1/16 சரியாக நிற்கும், 1/20 நிற்காது. இந்தப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 அல்ல, 4 பைட்.

கழனிவாசல் | அக்டோபர் 8, இரவு 9.00

ரெண்டு சந்தேகம். எடை இல்லாதப்ப 0.000க்கும் −0.001க்கும் ஆடிக்கிட்டே இருக்கு. 5 கிராம் படியா மாத்தலாம்னு பார்க்குறேன். இன்னொண்ணு, சில நேரம் திடீர்னு பல கிலோ காட்டிட்டுத் திரும்புது, அதுவும் தட்டு காலியா இருக்கும்போதுதான்.

செக்காலை | அக்டோபர் 8, இரவு 9.35

இரண்டாவதை முதலில் பாருங்கள். எச்எக்ஸ்711 தருவது 24 பிட் குறியுள்ள எண். அதை 32 பிட் மாறியில் அப்படியே வைத்தால் −1 என்பது 16777215 ஆகத் தெரியும். காலித் தட்டில் சுழியத்தைச் சுற்றி ஆடும்போது ஒரு பிட் கீழே போனாலே இந்தத் தாவல். 24ஆவது பிட் 1 ஆக இருந்தால் 16777216ஐக் கழித்துவிடுங்கள். அல்லது 8 பிட் இடப்பக்கம் நகர்த்திக் குறியுள்ள எண்ணாக 256ஆல் வகுங்கள்.

5 கிராம் படிக்கு: குறியை நீக்கிய அளவோடு 2 கூட்டி, 5ஆல் வகுத்து, 5ஆல் பெருக்குங்கள். மறைக்குறியை இதற்குப் பிறகுதான் முடிவு செய்யவேண்டும். அளவு 0 ஆகிவிட்டால் குறி வேண்டாம். முன்பே முடிவு செய்தால் −2 கிராம் ‘-0.000’ என்று நிற்கும். மூன்றாம் தேதி இரவு குறியை முதலில் எடுத்து வைக்கச் சொன்னேன், அதோடு இந்தத் திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தராசை வைத்து விற்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விற்பனைக்கு முத்திரையிட்ட தராசு வேண்டும். பொட்டலம் சரிபார்க்க மட்டும் என்று முதலிலேயே சொன்னீர்கள், அப்படியே இருக்கட்டும்.

கழனிவாசல் | அக்டோபர் 9, இரவு 8.15

எல்லாம் போட்டாச்சு. எண்ணை நேரடியாக் கொடுத்துச் சோதிச்சது: 0 → 0.000, −2 → 0.000, −3 → -0.005, 5 → 0.005, 998 → 1.000, 1005 → 1.005, 1050 → 1.050, −1005 → -1.005. எல்லாம் எட்டுக் கட்டத்துல வலப்பக்கம் ஒட்டி நிக்குது. 5 கிலோவுக்கு மேல வச்சா என்ன காட்டணும்?

செக்காலை | அக்டோபர் 9, இரவு 8.40

எண்ணே காட்டாதீர்கள், எட்டுக் கோடு போடுங்கள். கிராம் 5000ஐத் தாண்டினால் கோடு. எச்எக்ஸ்711 தன் எல்லையான 8388607ஐயோ −8388608ஐயோ கொடுத்தாலும் கோடு. எடை கூடி அந்த எல்லை வரை போகாது. 128 பெருக்கத்தில் அது தாங்குவது 20 மில்லி வோல்ட். உங்கள் செல் 5 வோல்ட்டில், ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லி வோல்ட் வகை என்றால், 5 கிலோவுக்கு 10 மில்லி வோல்ட்தான் தரும், பாதித் தூரம். எல்லை எண் வந்தால் லோட்செல் கம்பி ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.